ஓரகத்தியின் விரலுக்கு ஒரு கீபோர்டு

நான் ஒன்றைச் சாதித்திருக்கிறேன். அதைச் சொல்லிக்காட்டத்தான் இதை எழுதுகிறேன். அடக்கமாகச் சொல்லச் சொன்னால் எனக்கு வராது, எங்கள் வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பூந்தமல்லியில் கோர்ட்டுக்கும் பத்திரப் பதிவு ஆபீசுக்கும் போகிற வழியில் எனக்கு ஒரு ஜாப் டைப்பிங் கடை இருக்கிறது. ஒரு ஷட்டர் அகலம்தான். மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. கிரயப் பத்திரம், பாகப் பிரிவினை, வாடகை ஒப்பந்தம், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் அடித்துக் கொடுப்போம். குத்தம்பாக்கத்துக்கு பஸ் நிலையம் வருகிறது என்று பேச்சு கிளம்பியதிலிருந்து அந்தப் பக்கம் நிலம் வைத்திருக்கிற அண்ணன் தம்பிகளுக்குள் பாசம் ரொம்பவே அதிகமாகி, பாகப் பிரிவினைக்கென்று தனிக் கூட்டமே வருகிறது. யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது சொந்தக்காரர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும்.

கடை என் பேரில் இருக்கிறதே தவிர, அதை ஓட்டுவது என் ஓரகத்தி. அதாவது என் கொழுந்தனுடைய மனைவி. ஆவடியில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து தமிழ் ஹையர் பாஸ் பண்ணினாள். அப்புறம் கல்யாணம். திருவேற்காட்டில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு வந்து, டிவி பார்த்துக்கொண்டும் காய் நறுக்கிக்கொண்டும் சத்தமில்லாமல் பல வருடம் இருந்தாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குரல் பெரிது. அவள் பேசினாளா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது.

கடை ஆரம்பித்தபோது ஆள் கிடைக்காமல் அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். முதல் நாளே வக்கீல் ஒருவர் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, அவர் வாயைவிட்டு வார்த்தை வருவதும் திரையில் விழுவதும் ஒன்றாக நடந்தது. அவர் என்னைப் பார்த்து, "இவங்கள இத்தினி நாளா எங்க ஒளிச்சு வச்சினு இருந்தீங்க?" என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது ஷேர் வேனில் அவள் வாய் ஓயாமல் பேசினாள். நான்தான் கேட்டுக்கொண்டு வந்தேன். எனக்கு அது புதுப் பழக்கம்.

இப்போது கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

கடையில் இருந்த மூன்றும் பழைய கம்ப்யூட்டர்கள். அதில் ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று அறிவிப்பு வர ஆரம்பித்தது. புதுசைப் போடலாம் என்று பார்த்தால், உங்கள் கம்ப்யூட்டர் இதற்குத் தகுதி இல்லை என்று அதுவே சொன்னது. சர்வீஸ் பண்ணுகிற கடையில் கேட்டேன். மூன்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. நன்றாக ஓடுகிற பொருளை யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு செத்துப்போச்சு என்று சொன்னால் நான் மாலை வாங்கிப் போட வேண்டுமா?

கொழுந்தன் அம்பத்தூர் பக்கம் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனிடம் சொன்னேன்.

"அண்ணி, கவலையே படாதீங்க. லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டுடலாம். ஃப்ரீ. திறந்த மூலம்னு சொல்வாங்க. அதுலயும் ரொம்ப ஈஸியா ஒண்ணு கீது. கண்ண மூடிகினு யூஸ் பண்ணலாம்" என்றான்.

அவனுக்கு ஈஸி என்ற வார்த்தைதான் பிடித்த வார்த்தை. தோசைக்கு மாவு பாக்கெட்டில் வரவேண்டும், காய் நறுக்கியே வரவேண்டும். நான் நேர் எதிர். ரெடிமேட் ஜாக்கெட் வாங்கினால்கூட வீட்டுக்கு வந்ததும் தையலைப் பிரித்து எனக்கேற்ற மாதிரி பிடிக்காமல் போடமாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மூன்றிலும் போட்டுக் கொடுத்தான். சொன்ன மாதிரியே எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. ஒரு ஜன்னல் திறந்தால் கடை விரித்த மாதிரி எல்லா புரோகிராமும் வரிசையாக இருக்கிறது. வேண்டியதன்மேல் ஒரு பச்சைப் பொத்தான். அழுத்தினால் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்திரம் அடிக்க ஒரு ரைட்டர் புரோகிராம், பக்கத்தில் ஸ்கேனருக்கு ஒன்று, போட்டோ வெட்ட ஒன்று. பழைய கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை மாதிரி ஓடியது. நான் அவனுக்குச் சுடச்சுட பஜ்ஜி போட்டுக் கொடுத்தேன். அந்த பஜ்ஜியைத் திரும்பக் கேட்கிற நிலைமை மறுநாளே வந்தது.

திங்கட்கிழமை ஓரகத்தி உட்கார்ந்தாள். தமிழுக்கு என்று இருந்த முதல் வழியில் இங்கிலீஷில் அடித்தால் தமிழில் வந்தது. எனக்கு அது போதும், நான் அப்படித்தான் அடிப்பேன். அவளுக்கு ஆகாது. பட்டியலில் தேடி, தமிழ் டைப்ரைட்டர் என்று ஒன்று இருந்ததைப் போட்டுக் கொடுத்தேன். அவள் முகம் மலர்ந்தது. கடகடவென்று ஒரு வரி அடித்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம் என்று நான்கு எல்லைகளும் இருக்க வேண்டிய இடத்தில் 'ப்கக்ம' என்று வந்திருந்தது. பட்டா என்பது 'ப்டடா' என்று இருந்தது. அவள் அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். அதே. மூன்றாவது முறை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடித்தாள். அதே.

வக்கீலின் குமாஸ்தா பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, லேட் ஆவும் போல கீதே? நான் எதிர்லயே அட்ச்சிக்கிறேன்" என்று எழுந்து எதிர்க்கடைக்குப் போனார். அவர் போனது எனக்குப் பெரிதில்லை. அவர் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்ததுதான் எனக்கு வலித்தது.

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். பார்த்தான். சிரித்தான். "உனக்கு டைப்பிங் மறந்துபோச்சு" என்றான் பொண்டாட்டியிடம். அப்புறம் என்னிடம், "அண்ணி, இப்ப கவர்மெண்டே வேற கீபோர்டு சொல்லுது. அதைக் கத்துக்க சொல்லுங்க. கொஞ்ச மாசம் ப்ராக்டிஸ் பண்ணா வந்துடும்" என்றான்.

"கொஞ்ச மாசம் வர்ற ஆளுங்கள பெஞ்சுல உக்கார வெச்சு முறுக்கு குடுக்கவா?" என்றேன்.

அவள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவும்போது, "அக்கா, நான் இனிமே வரல. ஊட்டுலயே இருக்கேன். இங்கிலீஷ்ல அடிக்கிற பொண்ணா ஒருத்திய பாத்து வச்சுக்கோங்க" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த மெதுவான குரலைக் கேட்டு எனக்குப் பயம் வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த குரல் அது. கடைக்கு வந்த பிறகு அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. அவள் இந்த நாற்காலியிலிருந்து எழுந்தால் மறுபடி அந்த டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள், அப்புறம் யாராலும் எழுப்ப முடியாது.

"நாளைக்கு வா. டைப் அடிக்க வேணாம். சும்மா வந்து உக்காரு" என்றேன். என் அதட்டலுக்குப் பயந்து வந்தாள்.

மறுநாள் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். "பக்கம்னு அடி. ரொம்ப மெதுவா அடி" என்றேன். அவளுக்கு மெதுவாக அடிக்கத் தெரியவில்லை. எந்த விசை எங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லவும் தெரியவில்லை. இன்ஸ்டிட்யூட்டில் கீபோர்டைப் பார்த்தால் மாஸ்டர் கைமேல் துணியைப் போர்த்திவிடுவாராம். அதனால் அவளுக்கு எழுத்தெல்லாம் விரலில்தான் இருந்தது. கடைசியில் கீபோர்டை நகர்த்திவிட்டு வெறும் மேசையில் அடிக்கச் சொன்னேன். அடித்தாள். நான் விரலையே பார்த்தேன். ப அடித்ததும் வலது சுண்டுவிரல் ஒரு தட்டு தட்டியது. அதற்குப் பிறகுதான் இடது கை போனது.

"சுண்டுவிரல்ல இன்னா அடிச்ச?"

"புள்ளி."

"க அடிக்கவே இல்லியே?"

"மொதல்ல புள்ளி, அப்புறம்தானே எழுத்து?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

பழைய தமிழ் டைப்ரைட்டரில் அப்படித்தானாம். புள்ளி விசையை அடித்தால் காகிதம் நகராது. புள்ளியை முதலில் போட்டுவிட்டு, அதே இடத்தில் எழுத்தை அடிக்க வேண்டும். அவள் முன்னால் உபயோகித்த பழைய தமிழ் புரோகிராமும் அந்த வழக்கத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு தானே மாற்றிப் போட்டுவிடும். இப்போது இருப்பதைச் செய்தவர் டைப்ரைட்டரில் எந்தெந்த எழுத்து எங்கெங்கே இருக்கிறது என்று அப்படியே வைத்துவிட்டார், எது முன்னால் எது பின்னால் என்பதை விட்டுவிட்டார். அவள் போட்ட புள்ளி போய் முன்னால் இருக்கிற எழுத்தின் தலையில் உட்கார்ந்தது. அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. அதை அவளிடம் சொன்னேன். அழுதாள். நானும் அழுதேன், எனக்கு ஆத்திரத்தில் அழுகை வரும்.

ராத்திரி சாப்பாட்டில் கொழுந்தனைப் பிடித்துக்கொண்டேன். "நீ போட்ட சிஸ்டம் திறந்த மூலம்னு சொன்னியே, அப்படின்னா இன்னா? எதைத் திறந்து வெச்சிருக்காங்க?"

"யாரு வேணா உள்ள பூந்து மாத்திக்கலாம் அண்ணி."

"அப்ப மாத்து."

"மாத்தலாம். ஆனா மாத்துனா அப்பறம் நாமதான் பாத்துக்கணும். அப்டேட் வந்தா தகராறு ஆவும். ஈஸியா ஓடினு இருக்கறத எதுக்கு நோண்டுறீங்க? அவளே புது கீபோர்டு கத்துக்கலாம்ல?"

"இத்தினி வருசம் பழகுன அவ விரலு மாறணும், நேத்து வந்த மிஷினு மாறக்கூடாதா? நல்லா கீது உன் நியாயம்" என்று சொல்லி அவனுக்கு இரண்டாவது தடவை ரசம் ஊற்றாமல் எழுந்தேன். அவனை முழுக்கத் தப்பு சொல்லவும் முடியாது. ஆபீசில் நாள் முழுக்க இதையே நோண்டிவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்தும் நோண்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்கும். ஆனால் அன்றைக்கு எனக்கு நியாயம் பேசுகிற மனநிலை இல்லை.

அந்த வாரம் நானே இறங்கினேன். இன்டர்நெட்டில் யாரோ ஒரு புண்ணியவான், எந்த ஊரோ தெரியாது, தமிழ் கீபோர்டு எப்படி வேலை செய்கிறது என்று எப்போதோ எழுதி வைத்திருந்தார். படித்துப் பார்த்தால் எனக்கு நம்பவே முடியவில்லை. அது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. திறந்தால் வரிவரியாக, அடைப்புக்குறிக்குள் ஒரு பக்கம் அடிக்கிற விசை, மறுபக்கம் வரவேண்டிய எழுத்து. அவ்வளவுதான். மந்திரம் மாயம் எதுவும் இல்லை. பல வருடமாக நான்கு எல்லையும் சர்வே எண்ணும் தப்பில்லாமல் அடித்துச் சரிபார்த்துப் பிழைக்கிறவளுக்கு இந்த மாதிரி வரிகளைக் கண்டு பயமா வரும்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோர்ட்டும் ஆபீசும் மூடியிருந்த நேரத்தில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். புள்ளி விசையும் அதையடுத்து க விசையும் வந்தால் க் என்று போடு. அடுத்து ங. அடுத்து ச. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. அவள் மேசையில் அடித்துக்காட்ட, நான் எந்த விரல் எங்கே போகிறது என்று பார்த்து வரியை அடித்தேன். கொம்பு போடுகிற எழுத்துக்களை ஏற்கனவே சரியாகத்தான் வைத்திருந்தார்கள், அதைத் தொடவில்லை. ஒரு இடத்தில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய்விட்டது. அதற்காக மொத்தத் தமிழும் பட்டியலிலிருந்து காணாமல் போனது. தேடித்தேடிக் கண் பூத்துப்போன பிறகு ஓரகத்திதான் கண்டுபிடித்தாள். "அக்கா, இந்த வரிக்கு வாசலே இல்ல" என்றாள்.

வாசல் வைத்தோம். சிஸ்டத்தை விட்டு வெளியே போய் மறுபடி உள்ளே வந்தோம். நோட்பேடைத் திறந்து அடித்தாள். பக்கம். பட்டா. தட்டுத் தடங்கல் இல்லாமல் நான்கு எல்லையும் வந்து நின்றது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடைக்காரர் ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டி என்ன ஆச்சு என்று கேட்டார்.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. ரைட்டர் புரோகிராமைத் திறந்து அடித்தால் தமிழே வரவில்லை. நோட்பேடில் வருகிறது, ரைட்டரில் வரவில்லை. பத்திரத்தை நோட்பேடில் அடித்து ஸ்டாம்ப் பேப்பரில் எப்படி எடுப்பது? வேறு வழியில்லாமல் கொழுந்தனுக்கே போன் போட்டேன்.

அவன் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து பேசினான். ஆனால் கேட்ட உடனே பிடித்துவிட்டான், அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "அண்ணி, ரைட்டர பச்சை பட்டன்ல போட்டோம்ல? அது ஒரு மூடுன டப்பா மாதிரி. தனக்கு வேண்டியத தானே எடுத்துகினு வந்து உள்ளயே குந்திக்கும். அதனாலதான் ஈஸி. ஒரு விசைக்கு ஒரு எழுத்துன்னா உள்ள போவும். நீங்க ரெண்டு விசைய சேத்து மாத்திப் போடறீங்க. அது டப்பாக்குள்ள எட்டல."

"டப்பா இல்லாம போட வழி கீதா?"

ஒரு கொட்டாவி விட்டான். "கீது. கறுப்பு ஜன்னல்ல கமாண்டு அடிச்சுப் போடணும். பழைய வழி. அது வேணும் இது வேணும்னு கேக்கும். நான் சொல்றேன், அடிங்க."

சொன்னான், அடித்தேன். டப்பாவைத் தூக்கி எறிந்தேன். அது வேணும் இது வேணும் என்று உண்மையிலேயே கேட்டது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டது. கேட்டதையெல்லாம் கொடுத்தேன். ரைட்டர் திறந்தது. ஓரகத்தி கையை வைத்தாள். தமிழ் கொட்டியது. போனில் கொழுந்தன், "இன்னா, வருதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இதெல்லாம் ஆனி மாதத்தில் நடந்தது. ஆடியில் யாரும் நிலம் வீடு பதிவு பண்ண மாட்டார்கள் என்பதால் ஆனி கடைசியில் எங்கள் தெருவில் நடக்க இடம் இருக்காது. அதிலும் ஆனியின் கடைசி முகூர்த்த நாள் என்றால் திருவிழாதான். எதிர்க்கடைக்குப் போன குமாஸ்தா திரும்பி வந்திருந்தார். அன்றைக்குப் பதிவு ஆபீசில் பதினோரு மணிக்கு டோக்கன் போட்டிருந்த ஒரு வேலையை எங்களிடம் கொடுத்திருந்தார். ஒரு அப்பா தன் மகளுக்கு வீட்டை எழுதி வைக்கிறார். அந்தப் பெண் மறுநாள் வெளிநாட்டுக்குக் கிளம்புகிறாள். வக்கீல் காலையில் வந்து சொல்லச் சொல்ல ஓரகத்தி அடிக்க வேண்டும்.

காலையில் கடையைத் திறந்து ரைட்டரைத் திறந்தால் அதன் முகமே வேறு மாதிரி இருந்தது. ஓரகத்தி அடித்தாள். தமிழ் வரவில்லை.

முந்தின நாள் சாயங்காலம் பொண்டாட்டியை அழைத்துப் போக வந்த கொழுந்தன், மூன்று கம்ப்யூட்டரிலும் அப்டேட் அறிவிப்பு இருப்பதைப் பார்த்து, நல்ல எண்ணத்தில்தான், மூன்றிலும் ஒரே அழுத்தாக அழுத்திவிட்டுப் போயிருக்கிறான். அது நான் தூக்கி எறிந்த டப்பாவை மறுபடி கொண்டுவந்து வைத்துவிட்டது. என் கீபோர்டு கோப்பு மட்டும் பத்திரமாக இருந்தது. சிஸ்டத்தின் இடத்தில் வைக்காதே, உன் சொந்த ஃபோல்டரில் வை என்று அந்தப் புண்ணியவான் எழுதியிருந்ததை நான் கேட்டிருந்தேன்.

பெஞ்சில் அந்த அப்பா, மகள், குமாஸ்தா. வாசலில் இன்னும் நாலு பேர். வக்கீல் கையில் டிராப்டோடு நிற்கிறார். "என்னம்மா பிரச்சனை?" என்கிறார். நான் கறுப்பு ஜன்னலைத் திறந்து டப்பாவை எடுக்கக் கமாண்டு அடித்தேன். இந்தத் தடவை யாரையும் போனில் கேட்கவில்லை. என்ன அடிக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் தெரு முழுக்க எல்லாக் கடையிலும் டோக்கனுக்காக நெட்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள். புது ரைட்டர் நத்தையாக இறங்கியது.

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் கை மடியில் இருந்தது. அன்றைக்குத் தட்டைக் கழுவியபோது இருந்த முகம் வந்துவிடுமோ என்று எனக்குத் திக்கென்றது. கொழுந்தன் சொன்னபடி தகராறு வந்தேவிட்டது, ஈஸியானதையே வைத்திருக்கலாமோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

அவள் என் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு நாற்காலியோடு நகர்ந்தாள். என் கோப்பை நான் மூன்றிலும் போட்டு வைத்திருந்தேன். நோட்பேடைத் திறந்தாள். "அக்கா, நீங்க அதை இறக்குங்க. நான் இதுல அடிக்கிறேன். வந்தப்புறம் பென் டிரைவ்ல எடுத்து அதுல ஒட்டிக்கலாம்" என்றாள். வக்கீலைப் பார்த்து, "சார், நீங்க சொல்லுங்க" என்றாள். கடை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள்.

அவர் சொன்னார். அவள் அடித்தாள். நான் ஒரு கண் ரைட்டர் எவ்வளவு இறங்கியது என்று காட்டுகிற கோட்டின்மேலும் ஒரு கண் அவள் விரலின்மேலும் வைத்துக்கொண்டு நின்றேன். சுண்டுவிரல் முன்னால் போகிறது, எழுத்து பின்னால் வருகிறது, திரையில் ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. சொத்து விவரம், நான்கு எல்லை, சாட்சிகள். அவர் முடிப்பதற்கும் என் ரைட்டர் வந்து திறப்பதற்கும் சரியாக இருந்தது. ஒட்டினோம், பக்கம் பிரித்தோம், ஸ்டாம்ப் பேப்பரை வைத்தோம். குமாஸ்தா சூடான காகிதத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தப் பெண் ஓடுவதற்கு முன்னால் திரும்பி ஓரகத்தியின் கையைப் பிடித்து ஒரு நொடி நின்றுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மட்டும் எத்தனை பேருக்கு அடித்தோம் என்று எனக்குத் தெரியாது. மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்கு நின்றபடியே சாப்பிட்டோம். அந்த அளவுக்கு ஒரு தயிர் சாதம் எனக்கு ருசித்ததே இல்லை.

அதற்கப்புறம் அப்டேட் வந்தால் ரைட்டரை மட்டும் தொடாதே என்று சிஸ்டத்துக்குள் எழுதி வைக்கக் கற்றுக்கொண்டேன். பொதுமக்கள் ஆன்லைன் விண்ணப்பம் போடுகிற மூன்றாவது கம்ப்யூட்டரில் பச்சைப் பொத்தான்தான். அதில் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை, சுலபமாக இருந்தால் போதும். நான் சுலபத்துக்கு எதிரி ஒன்றுமில்லை. சுலபமாக இருக்கிறது என்பதற்காக ஒரு ஆளை நாற்காலியிலிருந்து எழுப்பினால்தான் எனக்குக் கோபம் வரும். எதிர்க்கடைக்காரர் ஒரு நாள் பென் டிரைவோடு வந்து, அவர் கடையிலும் பழைய டைப்ரைட்டர் கைக்காரர் ஒருவர் திண்டாடுகிறார், அந்தக் கோப்பைத் தருவீர்களா என்று கேட்டார். போட்டிக் கடைதான். கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு, டீ வாங்கிக் கொடுக்கச் சொல்லிக் குடித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

போன வாரம் கொழுந்தன் கடைக்கு வந்தான். ஆவடியில் அவன் பிளாட்டை வாடகைக்கு விட ஒரு ஒப்பந்தம் வேண்டும். ஓரகத்தி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, தானே அடிக்கப் பார்த்தான். ஒரு எழுத்தும் அவன் நினைத்தபடி விழவில்லை.

"அண்ணி, இதை ஈஸியானதுக்கு மாத்திக் குடுங்க. ஒரு க்ளிக் தானே?" என்றான்.

ஒரு க்ளிக்தான். நான் எழுந்தேன். அதற்குள் ஓரகத்தி காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"எதுக்கு மாத்தணும்? எழுந்திருங்க. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

அவன் சிரித்துக்கொண்டே எழுந்து பெஞ்சில் போய் உட்கார்ந்தான். வக்கீல்கள் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தான். வீட்டுக்காரர் பெயர், குடியிருப்பவர் பெயர், மாதம் எந்தத் தேதிக்குள் வாடகை என்று சொல்லிவிட்டு அடுத்து என்ன என்று மேலே பார்த்து யோசித்தான். அவன் கடைசி வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே அவள் அடித்து முடித்துவிட்டாள். விரல்களை விசைமேல் வைத்தபடி, கீபோர்டைப் பார்க்காமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.